மூன்றாம் ஓலை

விருத்தாம்பாளின் புருஷன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதைப் பற்றி, சிதம்பரம் கீழவீதிக்குப் பின்னால் போகிற அந்தச் சந்தில் அவளைத் தவிர எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. இருக்கிறான் என்றவர்களைவிடப் போய்விட்டான் என்றவர்கள்தான் ஜாஸ்தி. இருக்கிறவனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது. போய்விட்டான் என்றால் ஒரு ஒப்பாரி, ஒரு கருமாதி, ஒரு சாப்பாடு, அப்புறம் கொஞ்ச நாளைக்கு வாய்க்கு வேலை.

தேவநாதன் ரங்கூனுக்குக் கப்பலேறி எட்டு வருஷமாகியிருந்தது. முதலில் பணம் வந்தது. பிறகு பணம் வரும் என்ற சேதி வந்தது. பிறகு அதுவும் நின்றது. ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான் என்று பேப்பரில் வந்தபோது, அந்தக் குண்டுகளில் ஒன்று அண்ணன்மேல்தான் விழுந்தது என்று தம்பி தில்லைநாதன் முடிவு கட்டிவிட்டான். எந்தக் குண்டு என்பதை மட்டும் சொல்லவில்லை. குமராட்சியில் அண்ணன் பங்குக்கு வந்த நிலம் இன்னும் அண்ணன் பேரிலேயே கிடந்ததற்கும் இந்த முடிவுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்று, கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வருகிற வெள்ளிக்கிழமை அமாவாசை. கொள்ளிடக் கரையில் தர்ப்பையால் ஓர் ஆள் செய்து, அதைத் தேவநாதன் என்று வைத்துக் கொளுத்திக் காரியத்தை முடித்துவிடுவது, அன்றைக்கே விருத்தாம்பாளின் கழுத்தில் இருப்பதையும் வாங்கிவிடுவது என்று பேசி, ஆட்களுக்கும் சொல்லியாகிவிட்டது. அவளைக் கேட்டார்களா என்றால், கேட்டார்கள். அப்படியொன்றும் மரியாதை தெரியாத குடும்பம் இல்லை. தில்லைநாதன் அடுப்படி வாசலில் வந்து நின்று, "அண்ணி, நீங்க என்ன சொல்றீங்க" என்றான். அவள் ஆட்டுக்கல்லை நிறுத்தாமல் "செய்யுங்க" என்றாள். உளுந்து ஆடுகிற சத்தத்தில் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டான். அவளும் அதே குரலில் இன்னொரு தடவை "செய்யுங்க" என்றாள்.

சந்துக்கு இது பிடிக்கவில்லை. தலையிலடித்துக்கொண்டு அழுதிருந்தால் நாலு பேர் போய்க் கையைப் பிடித்திருக்கலாம். சண்டை போட்டிருந்தால் இரண்டு பக்கமும் போய்வந்திருக்கலாம். இது ஒன்றுமில்லாமல் ஒரு பொம்பளை மாவரைத்துக்கொண்டிருந்தால் அக்கம்பக்கத்தார் என்னதான் செய்வது. அழுத்தக்காரி என்றார்கள். உண்மை அதுவல்ல. அழவேண்டும் என்று விருத்தாம்பாளுக்குத் தோன்றிய காலம் ஒன்று முன்பே வந்தது. வந்து பார்த்தபோது அவள் வேலையாக இருந்தாள். அது திரும்பிப் போய்விட்டது.

இந்த நிலைமையில்தான் அடுத்த வீட்டுப் பட்டம்மாள் கொல்லைப்புறமாக ஒரு சேதியோடு வந்தாள். பட்டம்மாள் வெறுங்கையோடு வருவாள், வெறும் வாயோடு வரமாட்டாள்.

"விருத்தா, சொல்றத நிதானமா கேளு. என் தம்பி பண்ருட்டிலேருந்து லாரியில முந்திரி ஏத்திக்கினு கடலூர் போனான். அங்க மிஷன் ஆஸ்பத்திரி வாசல்ல உன் ஊட்டுக்காரரப் பாத்தானாம்."

"அவரு மாதிரி யாரையாவது பாத்திருப்பாரு."

"மாதிரியெல்லாம் இல்லடி. அவரேதான்றான். மூக்குக்கண்ணாடி போட்டுக்கினு, நெத்தியில ஒண்ணுமில்லாம. கிட்ட போறதுக்குள்ள உள்ள பூட்டாராம். வாட்ச்மேனக் கேட்டிருக்கான். பர்மாவுலேருந்து நடந்தே வந்த ஆளாம். வந்த எடத்துல காச்சல்ல உழுந்தவர மிஷன்காரங்க எடுத்துவச்சு வைத்தியம் பாத்து, அவுங்க வேதத்துலயும் சேத்துட்டாங்களாம். இப்ப அங்கயே ஸ்டோர்ல உத்தியோகம்."

விருத்தாம்பாள் ஆட்டுக்கல்லிலிருந்து மாவை வழித்தாள்.

"இன்னும் இருக்குது. அங்க ஒரு நர்சம்மாவக் கட்டிக்கப் போறாராம். அவுங்க கோயில்ல கலியாணத்துக்கு முன்னால மூணு ஞாயித்துக்கெழமை ஓலை படிப்பாங்களாம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், யாருக்காச்சும் தடை இருந்தா சொல்லுங்கன்னு எல்லாரு முன்னாலயும் பாதிரியாரே கேப்பாராம். ரெண்டு ஓலை ஆயிட்டுது. வர்ற ஞாயிறு மூணாவது."

"பேரு என்னவாம்?"

"அதுலதான் கொழப்பம். தேவசகாயமாம். பாதி ஒத்துப்போவுது, பாதி ஒத்துப்போவல."

அவன் தேவநாதன் என்றால் வெள்ளிக்கிழமை கொளுத்த ஆளில்லை, கழுத்தில் இருப்பது கழுத்தோடு இருக்கும். வேறு எவனோ என்றால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான். விருத்தாம்பாள் கையைக் கழுவிக்கொண்டு, "போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றாள், ரேஷன் கடையில் சீமையெண்ணெய் வந்திருக்கிறதா என்று பார்த்துவரப் போகிறவள் மாதிரி.

கொழுந்தனிடம், திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரரைக் கும்பிட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். அதுவும் கடலூர்தானே, பொய் பாதிதான். தில்லைநாதனுக்கு மனசு இளகிவிட்டது. "போய்ட்டு வாங்க அண்ணி. மஞ்சக் குங்குமத்தோட கடைசியா ஒரு தரம் சாமியப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லி, ரயிலுக்குப் பணமும் கொடுத்தான். நல்ல பிள்ளை என்று யாரும் சொல்லாமலிருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் பாதி வண்டி பட்டாளத்துக்காரர்கள். மீதியில் கூடைகளும் இவர்களும். பரங்கிப்பேட்டை தாண்டும்வரை பட்டம்மாள், வேதக்காரர் கோயிலில் என்னென்ன செய்வார்கள் என்று பாடம் நடத்திக்கொண்டு வந்தாள். அவள் எந்த வேதக்கோயிலுக்குள்ளும் கால் வைத்தவள் இல்லை. அதனாலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"தண்ணி தெளிப்பாங்க. ஒரு சொட்டு தலையில பட்டாலும் அவுங்க ஆளுதான், பேரை மாத்திடுவாங்க. அதனால முக்காட்டை எடுக்காத. ஒரு புஸ்தகத்தக் குடுத்து முத்தம் குடுக்கச் சொல்வாங்க. குடுக்கறாப்பல குனிஞ்சுட்டு நிமிந்துக்கோ. சாப்புட என்ன குடுத்தாலும் கைய நீட்டாத."

"சரிக்கா."

"நாம போறது வேடிக்கை பாக்க இல்ல. ஆம்பளைங்க பக்கமா கண்ண ஓட்டி அவரு மொகத்தப் பாத்துக்கணும். அவருதான்னா, பாதிரியாரு கேக்கறப்ப ஏந்திரிச்சு நில்லு. நின்னா போதும். பேசறத நான் பாத்துக்கறேன்."

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் பட்டம்மாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள் என்று தோன்றுகிறது.

ஜட்காக்காரன் மிஷன் கோயிலென்றதும் இருவர் நெற்றியையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கொண்டுபோய் இறக்கினான். வெள்ளையடித்த நீளமான கட்டிடம், ஓட்டுக் கூரை, உச்சியில் சிலுவை. வாசலில் செருப்புகள் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. பட்டம்மாள் தன்னையறியாமல் குனிந்து வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் யாராவது பார்த்தார்களா என்று பார்த்தாள்.

உள்ளே விக்கிரகம் இல்லை, விளக்கு இல்லை, எண்ணெய் வாசனை இல்லை, வௌவால் இல்லை. பளிச்சென்று வெளிச்சம். கல்யாணம் முடிந்து எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்ட சத்திரம்போல இருந்தது. வலதுபக்கம் ஆண்கள், இடதுபக்கம் பெண்கள், முன்னால் போர்டிங் ஸ்கூல் பெண்கள் வரிசையாக. பின்னால் சில பெஞ்சுகள், மற்றபடி தரையில் பாய்.

பாயில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். வெள்ளைப் புடவை, இழுத்துப் போட்ட கொண்டை, நெற்றியில் பொட்டில்லை. கழுத்தில் தாலி இருந்தது, அதில் ஒரு சின்னச் சிலுவை. பட்டம்மாள் அந்தத் தாலியை எடைபோட்டு முடிப்பதற்குள் அந்த அம்மாளே பேச்சைத் தொடங்கிவிட்டாள். எல்லா ஊரிலும் ஒரு பட்டம்மாள் உண்டு. இவள் பேர் ஞானாபரணம்.

"ஸ்தோத்திரம். புதுசா வந்திருக்கீங்களா?"

"ஆமாங்க, சிதம்பரம்" என்றாள் பட்டம்மாள். "சும்மா, பாத்துட்டுப் போவலாம்னு."

"நல்லா பாருங்க. இங்க யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. எங்க வேணும்னாலும் உக்காரலாம்." இப்படிச் சொன்னாளே தவிர, அங்கே ஒவ்வொருவரும் வந்ததும் வராததுமாக அவரவர் வழக்கமான இடத்தைப் பார்த்துத்தான் போனார்கள். "ரெண்டாம் மணி அடிச்சா ஐயர் வருவாரு. அவரு உள்ள வந்ததும் ஏந்திரிக்கணும். பாட்டு தெரியலன்னா வாய அசைச்சா போதும். ஜெபத்துக்கு ஏந்திரிக்கணும், பிரசங்கத்துக்கு உக்காரணும். தூங்கக் கூடாது. தூங்குவாங்க."

"ஐயருன்னா?"

"எங்க பாதிரியாருதான். ஐயருன்னு சொல்றது வழக்கம். கருப்பு அங்கி போட்டிருப்பாரு."

"தண்ணி தெளிப்பாரா?"

"இன்னைக்கு ஞானஸ்நானம் ஒண்ணும் இல்லையே" என்று ஞானாபரணம் வருத்தத்தோடு சொன்னாள். "ஆனா ஓலை இருக்குது. எங்க அண்ணன் பொண்ணு ஜெபமணிக்குத்தான். மூணாம் ஓலை. புதன்கெழமை கலியாணம்."

பட்டம்மாளின் முழங்கை விருத்தாம்பாளின் விலாவில் இடித்தது. "மாப்பிள்ளை எங்க உக்காந்திருக்காரு?"

"அவுங்க ரெண்டு பேரும் எப்படி வருவாங்க? தன்னோட ஓலை படிக்கிறப்ப பொண்ணும் மாப்பிள்ளையும் கோயிலுக்கு வர்ற வழக்கம் எங்கள்ள இல்ல. வெக்கமில்லையா?"

இதை ஜட்காக்காரன் சொல்லியிருக்கலாம், பண்ருட்டித் தம்பி சொல்லியிருக்கலாம், யாரும் சொல்லவில்லை. வருஷத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாலும் அந்த ஆளின் முகத்தைப் பார்த்திருக்கலாம். அவன் இருக்கவே மாட்டான் என்பது நிச்சயமாகத் தெரிந்த ஒரு நாளாகப் பார்த்து, ரயிலேறி வந்து உட்கார்ந்திருந்தார்கள். பட்டம்மாள் முகம் தொங்கிப்போயிற்று. விருத்தாம்பாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"நல்ல மனுஷன்" என்று ஞானாபரணம் தானாகவே தொடர்ந்தாள். "ரெண்டாங் கலியாணம்தான், மறைக்கிறதுக்கு என்ன. மொத சம்சாரம் உங்க சிதம்பரத்துலதான் செத்துப்போச்சாம், பாவம்."

"எப்படிச் செத்துச்சாம்?" என்று பட்டம்மாள் கேட்டாள். குரல் கொஞ்சம் மேலே போய்விட்டது.

"காலரா. காலையில கண்டு சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிட்டுதாம். கடைசியில தண்ணி தண்ணின்னு கேட்டுச்சாம். வைத்தியரு குடுக்கக் கூடாதுன்னுட்டாராம். போற உசிருக்கு எதுக்கு இல்லன்னு சொல்லணும்னு இவரே கையில ஏந்திக் குடுத்தாராம். மடியில தலைய வச்சிக்கினு இருக்கறப்பவே போயிட்டுதாம். அந்தத் துக்கம் தாங்காமதான் கப்பலேறிட்டாராம். இதச் சொல்றப்பல்லாம் அவருக்குத் தொண்டை அடைச்சுக்கும். அதனால அது பேரு என்னன்னுகூட நாங்க இதுவரைக்கும் கேக்கல. ஜெபமணி மனசு எளகினதே இந்தக் கதையக் கேட்டுத்தான். செத்த பொண்டாட்டிய இப்படி நெனைக்கிறவரு இருக்கிறவள எப்படி வச்சுக்குவாருன்னு."

விருத்தாம்பாள் தன்னுடைய சாவை முதலிலிருந்து கடைசிவரை கேட்டாள். நன்றாகத்தான் செத்திருந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்குத் தலைவலி வந்தால் தைலச் சீசாவைக்கூட எடுத்துக் கொடுத்தறியாத மனுஷன், அவள் சாகும்போது இவ்வளவு செய்திருக்கிறான். யாரோ தூரத்து உறவுக்காரியின் சமாசாரம் கேட்கிறது போல, "பிள்ளைங்க இருந்துச்சா?" என்று ஒரு கேள்விகூடக் கேட்டாள்.

"இல்லையாம்."

"ஆமா, இல்ல" என்றாள் விருத்தாம்பாள்.

அப்போது இரண்டாம் மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். ஐயர் வந்தார், மெலிந்த மனுஷர், கருப்பு அங்கிக்கு மேலே கழுத்தில் இரண்டு வெள்ளைப் பட்டை. ஆர்மோனியம் முனகியது. முதல் பாட்டு சீமை மெட்டு. தேர்வடம் பிடிப்பதுபோல ஒவ்வோர் அடியையும் எல்லோருமாக இழுத்து இழுத்துக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அடுத்தது நம்மூர் ராகம். அதற்குப் பட்டம்மாளின் தலை தானாக ஆடியது. ஐயர் ஒன்று சொல்ல, சபை ஒன்று சொல்லும். எல்லோரும் சேர்ந்து பாவிகள் என்று ஒப்புக்கொண்டார்கள். எந்தப் பாவம் என்று யாரும் விவரம் சொல்லாதது பட்டம்மாளுக்கு ஏமாற்றமாக இருந்தது. எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், மறுபடி எழுந்தார்கள். ஞானாபரணம் ஒவ்வொரு தரமும் விரலால் ஜாடை காட்டினாள். விருத்தாம்பாள் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். அது சுலபமாக இருந்தது. எப்போது எழவேண்டும், எப்போது உட்காரவேண்டும் என்று பக்கத்தில் ஒருத்தி சொல்லிக்கொண்டேயிருந்தால் ஒரு நாளைக் கழித்துவிடலாம்.

பிரசங்கம் பொறுமையைப் பற்றி. கேட்கிறவர்களுக்கு அது நிறையவே வேண்டியிருந்தது. ஆண்கள் பக்கம் ஒருவர் குறட்டை விட்டு, தானே விழித்து, யாரென்று மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். விருத்தாம்பாள் மடித்த காலை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துப்போய் வெகுநேரமாகியிருந்தது. கிள்ளிப் பார்த்தாள். வேறு யார் காலையோ கிள்ளியதுபோல இருந்தது.

பிரசங்கம் முடிந்து ஒரு கீர்த்தனை பாடும்போது, கோயில்பிள்ளை என்கிற ஆள் நீளக் கம்பின் நுனியில் ஒரு சிவப்பு வெல்வெட்டுப் பையைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டு வந்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த பட்டம்மாளுக்கு, ரயிலில் தான் நடத்திய பாடம் மறந்துவிட்டது. கோயிலென்றால் கடைசியில் கையில் எதையாவது கொடுக்காமலா அனுப்புவார்கள். பை தனக்கு நேராக வந்ததும் பக்தியோடு வலது கையை உள்ளே விட்டு எடுத்தாள். கைக்கு ஓர் ஓட்டைக் காலணா வந்தது. கோயில்பிள்ளை கம்பை அசைக்காமல் நின்றான். முன்வரிசை போர்டிங் பெண்கள் தோள் குலுங்கக் குனிந்துகொண்டார்கள். ஞானாபரணம் மெதுவாக, "போடணும்மா, எடுக்கக் கூடாது" என்றாள். பட்டம்மாள் காலணாவைப் போட்டு, மேலுக்கு ஓர் அணாவும் போட்டு, கீர்த்தனை முடிகிறவரை பாயின் ஓரப் பின்னலையே ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

ஐயர் ஒரு காகிதத்தை எடுத்தார். சபையில் ஒரு சின்ன அசைவு. குறட்டைக்காரரும் நிமிர்ந்தார். கலியாண ஓலைக்கு எந்த மதத்திலும் காது தூங்காது.

"குமராட்சி கண்ணாயிரத்தின் குமாரன் தபுதாரன் தேவசகாயத்துக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த கன்னிகை ஜெபமணிக்கும் விவாகம் செய்ய நியமித்திருக்கிறது. இது மூன்றாம் ஓலை."

தன் பேரை மாற்றிக்கொண்டவன் அப்பன் பேரை மாற்ற முடியவில்லை. குமராட்சியில் ஒரே கண்ணாயிரம்தான், அவர் விருத்தாம்பாளின் மாமனார். தபுதாரன் என்றால் பெண்டாட்டியைச் சாகக்கொடுத்தவன். அத்தனை பேர் நடுவில், கருப்பு அங்கி போட்ட ஒரு பெரிய மனுஷர் அதைப் படித்தார். யாரும் உச்சுக்கொட்டக்கூட இல்லை. இரண்டு ஞாயிறாகக் கேட்ட சேதிதானே.

"இந்த விவாகத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இருந்தால் தெரிவிக்கவேண்டும்" என்றார் ஐயர். தலையைத் தூக்கி ஆண்கள் பக்கம் பார்த்தார். பெண்கள் பக்கம் பார்த்தார்.

"ஏந்திரி" என்றாள் பட்டம்மாள், உதட்டை அசைக்காமல்.

விருத்தாம்பாள் பட்டம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு, மரத்துப்போன காலை இழுத்து ஊன்றி எழுந்தாள். கண்ணாயிரத்தின் மருமகள், குங்குமமும் கதம்பமுமாக, நேராக நின்றாள்.

"ஜெபம்பண்ணுவோம்" என்றார் ஐயர்.

சபை முழுவதும் எழுந்தது. புடவைகள் சலசலத்தன, பெஞ்சுகள் கிறீச்சிட்டன, போர்டிங் பெண்கள் ஒரே அலையாக எழுந்தார்கள். ஒரு நொடி முன்னால் அவள் ஒருத்திதான் நின்றாள். இப்போது நிற்காதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கண்ணை மூடுவதற்கு முன் ஞானாபரணம் அவளைப் பார்த்துச் சிரித்து, "நீங்களே கத்துக்கினீங்களே" என்று காதோடு சொன்னாள்.

பட்டம்மாளும் எழுந்து, "சொல்லேண்டி" என்று முனகினாள்.

"யார்கிட்ட? எல்லாரும் கண்ண மூடிக்கினு இருக்காங்க."

பேசறத நான் பாத்துக்கறேன் என்றவளும் பேசவில்லை. பட்டம்மாளை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. காலணா சமாசாரத்துக்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்க யாருக்குத்தான் தைரியம் வரும். ராஜாவுக்காக ஜெபித்தார்கள், யுத்தம் முடியவேண்டுமென்று ஜெபித்தார்கள், மழைக்காகவும் நோயாளிகளுக்காகவும் ஜெபித்தார்கள். தூரத்தில் அகதிகளாக நடந்துவருகிறவர்களுக்காகவும் ஜெபித்தார்கள். ஐயர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் சொன்னார். அவ்வளவுதான். ஆராதனை முடிந்துவிட்டது. திருநீறு இல்லை, தீர்த்தம் இல்லை, கையில் எடுத்துப்போக ஒன்றும் இல்லை. ஐயர் வாசலில் போய் நின்றுகொண்டு, வெளியே போகிறவர்களைக் கும்பிட்டு ஒவ்வொருவரையும் சுகம் விசாரித்தார்.

ஞானாபரணம் பாயைச் சுருட்டினாள். விருத்தாம்பாள் மறு முனையைப் பிடித்துக் கொடுத்தாள். ஒருத்தர் பாய் சுருட்டும்போது சும்மா நின்று பழக்கமில்லை.

"புதன்கெழமை அவசியம் வரணும்" என்றாள் ஞானாபரணம். "ரேஷன் அரிசிதான், இருந்தாலும் நிறைவா போடுவோம். மாப்பிள்ளை பக்கம் ஒரு ஈ காக்கா கெடையாது. சிதம்பரத்துலேருந்து ரெண்டு பேரு வந்திருந்தாங்கன்னு சொன்னா அவருக்கு எவ்ளோ சந்தோஷமா இருக்கும். யாரு வந்தாங்கன்னு சொல்லட்டும்? உங்க பேரையே கேக்கல பாருங்க."

பட்டம்மாள் வாசலைப் பார்த்தாள். ஐயரைப் பார்த்தாள்.

"விருத்தாம்பாள்" என்றாள் விருத்தாம்பாள். பாயின் நுனியை உள்ளே மடித்துவிட்டு, "குமராட்சி கண்ணாயிரத்தோட மூத்த மருமவள்னு சொல்லுங்க" என்றாள்.

ஞானாபரணம் முதலில் சிரித்தாள், வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அது முகத்தைவிட்டுப் போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அவள் சுருட்டிய பாயின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மூத்த மருமவள்னா."

"அவருக்குத் தம்பி ஒருத்தருதான்."

"காலரான்னாரே."

"காலரா வந்தது உண்மைதாங்க. எங்க மாமியாருக்கு. தண்ணி கேட்டாங்க, நான்தான் குடுத்தேன். என் மடியிலதான் போச்சு. இவரு வாசப்படியில நின்னுக்கினு இருந்தாரு."

பொய் சொல்லவும் தேவநாதன் வெளியே போகவில்லை. வீட்டிலிருந்த சரக்கையே எடுத்து, ஆளை மட்டும் மாற்றிவைத்திருக்கிறான்.

"ஐயரு கேட்டாரே" என்றாள் ஞானாபரணம். "தடை இருக்கான்னு அவ்ளோ தெளிவா கேட்டாரே. அப்பவே நீங்க ஏந்திரிச்சிருக்கலாமே."

"ஏந்திரிச்சேனுங்க. எல்லாரும் ஏந்திரிச்சாங்க."

ஞானாபரணம் யோசித்துப் பார்த்தாள். அப்புறம் தலையை ஆட்டினாள். "பொடவை எடுத்தாச்சு" என்றாள், அதுதான் இப்போது பெரிய சங்கடம் என்பதுபோல. "மெட்ராஸ்லேருந்து. வெள்ளைப் பட்டு."

"வேற நல்லதுக்கு ஆவும்" என்றாள் விருத்தாம்பாள். அவள் ஆறுதலாகச் சொன்னாளா, வெறுமனே சொன்னாளா என்று பட்டம்மாளுக்கே பிடிபடவில்லை.

"பின்னாலதான் அவரு ஜாகை. கூப்புட்டனுப்பட்டுமா?"

பட்டம்மாள் அவசரமாக, "கூப்புடுங்க, கூப்புடுங்க" என்றாள்.

"வேணாங்க" என்றாள் விருத்தாம்பாள். "ஐயருகிட்ட நீங்களே சொல்லிடுங்க. கேட்டாருன்னா நான் இருக்கேன்னு சொல்லுங்க. சிதம்பரத்துல கீழவீதிக்குப் பின்னால."

வாசலில் ஐயர் இவர்களையும் கும்பிட்டு, எந்த ஊர் என்று விசாரித்தார். மறுபடியும் வரவேண்டும் என்றார். விருத்தாம்பாள் கும்பிட்டுவிட்டு இறங்கினாள். திரும்பிப் பார்த்தது பட்டம்மாள்தான். அந்த அம்மாள் பாயைக் கையில் பிடித்துக்கொண்டே ஐயரிடம் போய் நிற்பதையும், ஐயர் கும்பிடுவதற்குத் தூக்கிய கைகளை இறக்காமல் அவள் சொல்வதைக் கேட்பதையும் அவள் பார்த்தாள். மேற்கொண்டு நின்று கேட்கவிடாமல் விருத்தாம்பாள் நடந்துகொண்டேயிருந்ததை, பட்டம்மாள் சாகிறவரை மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தில்லைநாதன் வாசலில் நின்று, வெள்ளிக்கிழமைக்கு வாழையிலை கொண்டுவருகிறவனோடு பேசிக்கொண்டிருந்தான்.

"சாமி நல்லா கும்பிட்டீங்களா அண்ணி?"

"கும்புடல. உங்க அண்ணன் கடலூர்ல இருக்காரு. வேதத்துல சேந்துட்டாரு. வெள்ளிக்கெழமைக்குச் சொன்னவங்கள வர வேணாம்னு சொல்லிடுங்க."

அண்ணன் பிழைத்திருக்கிறான் என்று கேட்ட தம்பியின் முகம் இப்படித்தான் இருக்கும் என்றால், இழவு விழுந்த வீட்டு முகத்துக்கு வேறு அடையாளம் தேடவேண்டும். தில்லைநாதன் இலைக்காரனைப் பார்த்தான். இலைக்காரன் இலையைப் பார்த்தான்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாக்கல."

"பாக்காம எப்படிச் சொல்றீங்க?"

"நான் செத்துட்டேன்னு சொல்லிக்கினு இருக்காரு. செத்தவரு அப்படிச் சொல்ல முடியுமா?"

"வேதத்துல சேந்துட்டான்னா நம்மளப் பொறுத்தவரைக்கும் செத்த மாதிரிதானே" என்றான் தில்லைநாதன்.

"மாதிரிக்கெல்லாம் கருமாதி கெடையாது" என்றாள் விருத்தாம்பாள். கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்குக் கருவேப்பிலை இல்லை என்பதுபோலச் சொன்னாள்.

அதற்குள் பட்டம்மாள் கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். அங்கிருந்து ஒரு வாளி தடாலென்று தண்ணீரில் விழுகிற சத்தமும், கயிற்றை யாரோ கைவிட்டதற்காக இன்னொருத்தி திட்டுகிற சத்தமும் கேட்டது. அப்புறம் எல்லாச் சத்தமும் அடங்கியது. பட்டம்மாளின் குரல் மட்டும் கேட்டது. காலணா சமாசாரம் அதில் வரவில்லை.

விருத்தாம்பாள் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். ராத்திரிக்கு எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று உள்ளிருந்து கேட்டாள். தில்லைநாதன் வாசலில் இலைக்காரனோடு கணக்குப் பேசிக்கொண்டிருந்தான். வழக்கமாகப் போடுகிற அளவே உலையில் போட்டாள்.